கம்பி ஒரே அளவு, நிலமும் ஒரே அளவா?

இந்த வாரம் ஒரு கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பள்ளிக்கூடத்துக் கணக்கு மட்டுமல்ல. வேலிக் கணக்கு, பந்தல் கணக்கு, நாளைக்கு நாம் காசு கொடுத்து வாங்கப்போகிற வீட்டு நிலத்தின் கணக்கு.

லயத்துக்குப் பின்னால் சதுரமாக ஒரு காய்கறித் தோட்டம். அதைச் சுற்றி வேலி அடைக்க 120 அடி கம்பிவலை பிடித்தது. அந்தத் தோட்டத்தின் ஒரு பக்கம் எத்தனை அடி?

தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளையைக் கேட்டால், 120ஐ 4ஆல் வகுத்து 30 அடி என்று சட்டென்று சொல்லிவிடும். சதுரத்துக்கு நாலு பக்கம்; நாலும் சமம். ஆகவே சுற்றளவை நாலு கூறு போட்டால், ஒரு கூறுதான் ஒரு பக்கம். சூத்திரம் என்று பார்த்தால் இவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத நம் பாட்டன், பாட்டிமார்களுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. முக்கால், அரை, கால், அரைக்கால் என்று வாயாலேயே கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அவர்கள் பாஷையில் சொன்னால், சதுரத்தின் சுற்றளவில் கால்தான் அதன் பக்கம். சதுரம் என்கிற பெயரிலேயே நாலு ஒளிந்திருக்கிறது. வடமொழியில் 'சதுர்' என்றால் நாலு. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் மலாயில் 'செகி எம்பாட் சாமா' என்று படிக்கிறார்கள். எம்பாட் என்றால் நாலு, சாமா என்றால் சமம். நாலு என்பதும் சமம் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. இதில் 'சமம்' என்கிற பாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

வகுத்தல் வராதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு கயிற்றை எடுத்து நிலத்தைச் சுற்றிப் பிடித்து, சுற்று முடிகிற இடத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இரண்டாக மடியுங்கள். அதை மறுபடியும் இரண்டாக மடியுங்கள். கையில் இருக்கிற நீளம்தான் ஒரு பக்கம். பென்சிலும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். 96 அடி மாவிலைத் தோரணம் இருக்கிறது, அதைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி சதுரப் பந்தல் வேண்டும் என்றால், கயிறு இரண்டு மடிப்பில் 24 அடி என்று காட்டிவிடும். அந்த அளவில் நாலு கால் நட வேண்டியதுதான்.

மிச்சம் வராமல் வகுபட்டால் தொல்லை இல்லை. வகுபடாவிட்டால்தான் சங்கடம். சுற்றளவு 50 அடி என்றால், நாலால் வகுத்தால் 12.5 அடி. இதை "பன்னெண்டு அடி அஞ்சு அங்குலம்" என்று படித்துவிட்டு மரம் அறுக்கப் போகிறவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 12.5 அடி என்றால் பன்னிரண்டரை அடி. ஓர் அடிக்கு 12 அங்குலம். அரை அடிக்கு 6 அங்குலம். ஆகவே 12 அடி 6 அங்குலம் என்பதுதான் சரி. ஓர் அங்குலம்தானே என்று நினைக்கலாம். நாலு பக்கத்துக்கும் சேர்த்தால் 4 அங்குலம் ஆகிறது. கடைசி மூலையில் பலகை எட்டாது. அதேபோல 45 அடியை நாலால் வகுத்தால் 11.25 வரும். அது 11 அடி 3 அங்குலம். 25 அங்குலம் அல்ல.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் வந்த பிறகு, மைலும் அடியும் ராத்தலும் மெல்ல மெல்ல ஒதுங்கி, மீட்டரும் கிலோவும் வந்தன. பழைய ஆட்களுக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகுத்தல் கணக்குக்கு மீட்டர்தான் சுகம். 45 மீட்டரை நாலால் வகுத்தால் 11.25 மீட்டர், அதாவது 11 மீட்டர் 25 சென்டிமீட்டர். எழுதினபடியே படித்துவிடலாம். இப்போது கடையில் விற்கிற அளவு நாடாவில் இரண்டும் இருக்கிறது. பிள்ளை மீட்டரில் அளக்க, அப்பா அடியில் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இனி, மேலே சொன்ன 'சமம்' என்கிற சங்கதிக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

அண்ணன், தம்பி இரண்டு குடும்பம். இரண்டும் ஒரே லயம். காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆபீசில் வீட்டுக்கு 120 அடி கம்பிவலை கொடுத்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் அண்ணன் 30க்கு 30 என்று சதுரமாக வேலி அடைத்தார். தம்பிக்குக் கிடைத்த இடம் அதற்கு அடுத்தாற்போல, மண் சாலைக்கும் பெரிய கால்வாய்க்கும் இடையில் நீளமாகக் கிடந்த துண்டு. அகலம் 10 அடிக்கு மேல் போகாது. அதனால் 50 அடி நீளம், 10 அடி அகலம் என்று அடைத்துக்கொண்டார். 50, 10, 50, 10. கூட்டினால் அதுவும் 120 அடி. கம்பி மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை.

இரண்டு வீட்டிலும் வெண்டியும் கத்தரியும் போட்டார்கள். அண்ணன் வீட்டில் கூடை கூடையாக வந்தது. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, டவுனுக்கும் கொஞ்சம் போயிற்று. தம்பி வீட்டில் சமையலுக்கே சரியாக இருந்தது. ஓரகத்திகளுக்குள் முதலில் சாடைப் பேச்சு. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஒரு நாள் பெரட்டு முடிந்து வரும்போது தம்பி கேட்டேவிட்டார்.

"ஏண்ணே, ஒனக்கும் எனக்கும் ஒரே அளவு கம்பிதானே குடுத்தாங்க? ஒன் தோட்டத்துல மட்டும் எப்படிண்ணே இத்தனை காய்?"

"என்னடா கேக்குற? ஒன் கம்பியத் திருடியா நான் வேலி போட்டேன்? வேணும்னா அளந்து பாரு!"

அளந்து பார்த்தார்கள். ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் நாடா பிடித்தார். அண்ணன் வேலி 120. தம்பி வேலி 120. தம்பிக்கு இன்னும் கோபம். "பாத்தீங்களா மாமா? 120ல கால் 30. 30க்கு 30ன்னா தொள்ளாயிரம் சதுர அடி. எனக்கும் தொள்ளாயிரம் இருக்கணும்ல? அப்ப எரு எனக்கு மட்டும் கம்மியாக் குடுத்திருக்காங்க!"

அருகில் நின்ற தம்பி மகள், ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, மெல்லக் கேட்டதாம்: "அப்பா, நம்ம தோட்டத்துல 30 அடி எந்தப் பக்கம் இருக்கு?"

அதுதான் சரியான கேள்வி! அவர் தோட்டத்தில் 30 அடி என்று ஒரு பக்கமே கிடையாது. இரண்டு பக்கம் 50. இரண்டு பக்கம் 10. எந்தச் சுற்றளவையும் நாலால் வகுக்கலாம், ஒரு விடையும் வரும். வருகிற விடை நிலத்தின் பக்கமாக இருக்கவேண்டுமானால், அந்த நிலம் சதுரமாக இருக்கவேண்டும். தம்பியின் நிலம் 50ஐ 10ஆல் பெருக்கினால் 500 சதுர அடி. அண்ணனுடையது 900. கம்பியில் ஓர் அடி வித்தியாசம் இல்லை. நிலத்தில் 400 சதுர அடி வித்தியாசம். எருவிலும் குறையில்லை, அண்ணன் கையிலும் களவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்த்தால், 10 அடி அகலமே உள்ள அந்தத் துண்டில் தம்பிக்கும் 900 சதுர அடி வரவேண்டும் என்றால், நீளம் 90 அடி வேண்டும். சுற்றிலும் 200 அடி கம்பிவலை வேண்டும். அதாவது அண்ணனுக்குக் கொடுத்ததைவிட 80 அடி கூட. வீட்டுக்கு 120 அடி என்று அளந்து கொடுத்தவர்கள் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். கம்பி சமம்தான். நிலத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கடைசியில் அண்ணன் தன் நிலத்தில், தம்பியின் வேலியை ஒட்டின ஓரமாக 30 அடி நீளத்துக்கு 6 அடி 8 அங்குல அகலம் விட்டுக்கொடுத்தார். அது 200 சதுர அடி. இப்போது இருவருக்கும் 700, 700. அந்த 8 அங்குலத்தைக் கண்டுபிடித்ததும் அந்தப் பிள்ளைதான். ஓரகத்திகள் பேசிக்கொள்ளத் தீபாவளி வரவேண்டியிருந்தது என்று கேள்வி.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், வெண்டிக்காயோடு முடிகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, நம் குடும்பங்களில் பெரும்பகுதி தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டன. இன்றும் லயத்தில் இருப்பவர்கள், சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கியதும் தேடுவது ஒரு வீடு, ஒரு துண்டு நிலம். அப்போது தரகர் வந்து நிலத்தைச் சுற்றிக் காட்டுவார். நீள நீளமாக நடக்க வைப்பார். "சுத்தி வந்தா 180 அடி வருதுங்க, சின்ன இடமா?" என்பார்.

180 அடி சுற்றளவு. சதுரமாக இருந்தால் பக்கம் 45 அடி; நிலம் 2,025 சதுர அடி. ஆனால் தாமான்களில் வரிசை வீட்டு மனை பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை. 20க்கு 70 என்கிற மனை நாம் எல்லாரும் பார்த்ததுதான். அதன் சுற்றளவும் 180 அடியேதான். நிலமோ 1,400 சதுர அடி. சுற்றி நடந்த கால் இரண்டுக்கும் ஒரே மாதிரி வலிக்கும். நிலம் 625 சதுர அடி குறையும். ஆகையால் சுற்றளவைக் கேட்டுவிட்டு மயங்கக்கூடாது. "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். நிலப்பட்டாவில் பரப்பளவு எழுதியிருக்கும். அதனோடு இருக்கிற வரைபடத்தில் ஒவ்வொரு எல்லைக் கோட்டின் நீளமும் மீட்டரில் போட்டிருக்கும். நாலு கோட்டிலும் ஒரே எண் இல்லையென்றால் நாலால் வகுக்கிற பேச்சே வேண்டாம்.

நாலு கோட்டிலும் ஒரே எண் இருந்தாலும் இன்னொரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியை எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் விரல்களால் அமுக்கிப் பாருங்கள், சாய்ந்துவிடும். பக்கங்களின் நீளம் மாறவில்லை, வாய் மட்டும் ஒடுங்கிப்போகிறது. சதுரமும் அப்படிச் சாயும். சாய்ந்தால் அது சாய்சதுரம். அதன் பக்கமும் சுற்றளவில் கால்தான். அந்த விடை தப்பாகாது. ஆனால் உள்ளே இருக்கிற இடம் சுருங்கிவிடும். பந்தலாக இருந்தால் கூரைத் தகரம் மூலையில் உட்காராது.

சாய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கயிறு போதும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் குறுக்கே பிடியுங்கள். நாலு பக்கமும் சமமாக இருந்து, குறுக்கு இரண்டும் சமமாக இருந்தால் சதுரம். இல்லாவிட்டால் நீளமான குறுக்கின் மூலைகளை உள்ளே தள்ளவேண்டும். மேஸ்திரிமார் மூலை பிடிக்கிற இன்னொரு வழியும் உண்டு. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால், இரண்டு குறிக்கும் இடையில் சரியாக 5 அடி இருக்கவேண்டும். பெரிய மூலைக்கு 6, 8, 10 என்று பிடித்தால் பிசகு குறையும்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றளவையும் பரப்பளவையும் பிள்ளைகள் போட்டுக் குழப்பிக்கொள்வது சகஜம். பாடத்தில் வருகிற 16 என்கிற எண் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்பது நம் எண்ணம். பக்கம் 4 என்றால் சுற்றளவு 16, பரப்பளவும் 16. இரண்டும் ஒரே எண்ணாக வந்து தொலைக்கிறது! 36ஐக் கொடுத்துப் பாருங்கள். சுற்றளவு 36 அடி என்றால் பக்கம் 9 அடி, நாலால் வகுத்தோம். பரப்பளவு 36 சதுர அடி என்றால் பக்கம் 6 அடி. ஆறாறு முப்பத்தாறு என்று பார்த்தோம். "அடி" என்றிருந்தால் வகு; "சதுர அடி" என்றிருந்தால் எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அது வரும் என்று தேடு. கேள்வியில் அந்த ஒரு சொல்லை அடிக்கோடிடச் சொல்லிப் பழக்குங்கள்.

தோட்டத்தில் நாம் பழகின ஏக்கரையும் இதில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் பக்கம் ஏறக்குறைய 208 அடி 8 அங்குலம். சுற்றிவர 835 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஏக்கர் 660 அடி நீளமும் 66 அடி அகலமுமாக இருந்தால் சுற்றிவர 1,452 அடி! நிலம் ஒன்றேதான், வேலிச் செலவு முக்கால் பங்கு கூடிவிட்டது. ஹெக்டேர் இன்னும் சுலபம். சதுர ஹெக்டேரின் பக்கம் 100 மீட்டர், சுற்றளவு 400 மீட்டர். விளையாட்டுத் திடலில் 400 மீட்டர் ஓடுபாதை இருக்கிறதே, அந்த ஒரு சுற்றின் நீளத்தைச் சதுரமாக விரித்தால் உள்ளே இருப்பது ஒரு ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் சுமார் 2.47.

கித்தா மரம் இருந்த காலத்தில் நம்மவர்கள் அடிக்கோலே இல்லாமல் மரத்தை எண்ணியே அளவு சொன்னார்கள். பழைய காடுகளில் 20 அடிக்கு 20 அடி என்று சதுரமாக நட்டிருந்த இடங்கள் உண்டு. ஏக்கருக்கு 108 மரம் என்கிற பழைய கணக்கு அதில் வந்ததுதான். அப்படிப்பட்ட சதுரக் காட்டின் ஓரத்து மரங்களை மட்டும் சுற்றி வந்து எண்ணினால் 40 மரம் என்று வைத்துக்கொள்வோம். 40ல் கால் 10. அப்படியானால் ஒரு பக்கத்தில் 10 மரமா? இல்லை, 11 மரம்! நாலால் வகுத்து வந்த 10, மரத்தின் எண்ணிக்கை அல்ல. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியின் எண்ணிக்கை. பத்து இடைவெளி, ஒவ்வொன்றும் 20 அடி. பக்கம் 200 அடி. மூலை மரம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால், பக்கத்துக்கு 11 என்று நாலு தரம் எண்ணினால் 44 வந்து, நாலு மரம் இரட்டையாகிவிடும்.

வேலிக்கட்டைக்கும் இதே கதை. 120 அடி வேலிக்கு 10 அடிக்கு ஒரு கட்டை என்றால் 12 கட்டை போதும். கடைசிக் கட்டையே முதல் கட்டையாகிவிடுகிறது. நேராகப் போகிற 120 அடி வேலியாக இருந்தால்தான் 13 வேண்டும். செம்பனையை முக்கோணமாக நடுகிறார்கள். மூன்று பக்கமும் சமம். அங்கே சுற்றளவை மூன்றால் வகுக்கவேண்டும். மூன்று மரத்தைச் சுற்றி 27 மீட்டர் கயிறு பிடித்தால் மரத்துக்கு மரம் 9 மீட்டர்.

வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு வேலி போடுகிறவர்களும் கவனிக்கவேண்டும். கையில் 60 அடி கம்பிவலை. நாலு பக்கமும் அடைத்தால் பக்கம் 15 அடி, நிலம் 225 சதுர அடி. சுவர் ஒரு பக்கமாகிவிட்டால் மூன்று பக்கம்தான் அடைக்கவேண்டும். அப்போது மூன்றால் வகுத்து, பக்கம் 20 அடி, நிலம் 400 சதுர அடி. சதுரம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள், சுவரோரம் 30 அடி நீளமும் 15 அடி அகலமும் வைத்தால் 450 சதுர அடி கிடைக்கும். சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, இனி உங்கள் முறை. சதுரமாக ஓர் ஆட்டுப்பட்டி. முள்கம்பியை மூன்று வரியாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வாங்கின கம்பி 252 அடி; மூலைகளில் முறுக்கிக் கட்டினதில் 12 அடி போய்விட்டது. பட்டியின் ஒரு பக்கம் எத்தனை அடி? 5 அடிக்கு ஒரு கட்டை நட்டிருந்தால் மொத்தம் எத்தனை கட்டை? அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாக உட்கார்ந்து போடுங்கள். பக்கம் 60 அடி என்று வந்தால் மூன்று வரியை மறந்துவிட்டீர்கள். கட்டை 17 அல்லது 20 என்று வந்தால் மூலையில் போய் மறுபடியும் எண்ணுங்கள்.